விசுவமடுவுக்கு ஒரு பழைய கார்

2025 ஆடியில் லண்டனில் இருந்து மூன்று கிழமை லீவில், வன்னியில் இருக்கும் விசுவமடுவுக்குப் போயிருந்தேன். அம்மா அங்கே அக்கா வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அவரைக் கொண்டுபோக வேண்டும். தர்மபுரம், பரந்தன் சந்தி என்று சுற்றி 25 கிலோமீற்றர் அளவில் வரும். இவ்வளவு காலமும் ஓட்டோதான். அம்மாவுக்கு முழங்கால் சரியாக மடங்காது. பக்கவாட்டாக இருந்து கம்பியை இறுக்கிப் பிடித்தபடி போய், அப்படியே திரும்பி வருவார். அக்கா வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அத்தான்தான் ஒரு இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஒரு சின்னக் கார் இருந்தால் நல்லம்" என்று மெதுவாகச் சொன்னார். மூன்று கிழமையில் இரண்டு கிழமை அதற்கே போய்விட்டது.

கையில் இருந்தது 30 லட்சம் ரூபாய். பவுண் 400 ரூபாய் அளவில் நின்ற நேரம், ஆகவே 7,500 பவுண். லண்டனில் அந்தக் காசுக்கு நல்ல யாரிஸ் ஒன்று எடுக்கலாம். இலங்கையில் அந்தக் கணக்கைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்துவிட வேண்டும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 மாசியில். ஐந்து வருடம் புது வாகனமே வராததால் நாட்டில் இருந்ததையே ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி விற்றார்கள். ஒவ்வொரு கைக்கும் விலை ஏறியது. திறந்த பிறகும் வரி தலைக்கு மேல் நிற்கிறது. என்ஜின் சீசீ கூடக்கூட உற்பத்தி வரியும் ஏறும். 660 சீசீ வேகன் ஆர் ஊரெல்லாம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் விலையைக் கேட்டேன். 2017 வண்டிக்கு 60 லட்சத்தை ஒட்டிச் சொன்னார்கள். சரி, அது நமக்கில்லை.

முதலில் மருமகனின் ஆசைக்காக ஏ9 வீதியோரம் ஒரு கார்சேலுக்குப் போனோம். அவனுக்கு டொயோட்டா அக்வா வேண்டும், பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். என் காசுக்கு அது எட்டாது என்று தெரிந்தும், பார்ப்பதற்குக் காசா என்று போனோம். வெள்ளை நிறம், மெழுகு பூசி மினுக்கி வைத்திருந்தார்கள். மீற்றரில் 68,000 கிலோமீற்றர். மருமகன் முன்மூடியைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான். உள்ளே ஒயில் மாற்றியபோது கட்டிய அட்டை கழற்றப்படாமல் தொங்கியது. அதில் 112,000 என்று பேனையால் எழுதியிருந்தது.

விற்பனைக்கு நின்ற தம்பியிடம் காட்டினேன். கொஞ்சமும் அசரவில்லை. "அண்ணை, அது வேற வாகனத்தின்ரை அட்டை. பெடியள் மாறிக் கட்டிப்போட்டாங்கள்."

லண்டனில் இலக்கத் தகட்டை அரசாங்க இணையதளத்தில் அடித்தால், எம்ஓடி என்ற வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனை ஒவ்வொன்றிலும் மீற்றர் எத்தனையில் நின்றது என்று இலவசமாகக் காட்டும். ஜப்பானில் இருந்து பாவித்த காராக வந்ததென்றால் அங்கே ஏலத்தில் விட்ட நேரத்து அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் ஓடிய தூரமும் தரமும் இருக்கும். ஆனால் அது கப்பல் ஏறும் வரைக்குமான கதை. இங்கே இறங்கிய பிறகு எவ்வளவு ஓடியது என்பதற்கு ஸ்டியரிங்கும் பிரேக் மிதியும்தான் சாட்சி. 68,000 ஓடிய காரில் மிதி ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்காது.

அன்று பின்னேரமே அத்தான் என்னைத் தர்மபுரம் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணையிடம் கூட்டிப்போனார். அறுபது வயதைத் தாண்டியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற நாட்களில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டவைத்த தலைமுறை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் அப்படித்தான் புகை கக்கிக்கொண்டு எங்களைக் கொண்டு திரிந்தன. அந்த மணம் பிடித்தவர்களுக்கு இன்னும் மூக்கில் இருக்கும்.

அக்வாவைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "நல்ல கார்தான் தம்பி. கொழும்புக்கு நல்ல கார்." பின் சீற்றுக்குக் கீழே இருக்கும் ஹைபிரிட் பற்றரியைக் குளிராக்க ஒரு விசிறி காற்றை இழுக்கும். எங்கள் கிரவல் றோட்டுப் புழுதி அந்த வழியால் போய் அடைத்தால் பற்றரி சூடேறிக் கெடும். அடிக்கடி துப்புரவு செய்தால் பிரச்சினையில்லை, ஆனால் செய்பவர் யார் என்று கேட்டார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி.

"புதுக்குடியிருப்பு றோட்டிலை இரவு எட்டு மணிக்குக் கார் நிண்டால் ஆருக்கு ஃபோன் எடுப்பியள்?"

"உங்களுக்குத்தான் அண்ணை."

"அப்ப எனக்குத் தெரிஞ்ச சாமானாப் பாருங்கோ."

நான் லண்டனில் இருந்து கொண்டுபோன ஆராய்ச்சியெல்லாம் அந்த இடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்த, பரந்தனிலோ கிளிநொச்சியிலோ பாகம் கிடைக்கும் கார்களை மட்டும் பார்த்தோம்.

முதலில் அகப்பட்டது ஒரு அல்டோ 800. 29 லட்சம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றார் அண்ணை; இந்திய வண்டி, சாமான் மலிவு, எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். ஏசி இல்லை என்பது ஒன்றே குறை. 50,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை. பதிவுப் புத்தகத்தை நிதானமாகப் பார்த்தது அதற்குப் பிறகு. முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர். விற்றவரின் பெயர் புத்தகத்தில் எங்குமே இல்லை. அவர் அதை வேறொருவரிடம் 'ஓப்பின் பேப்பர்' முறையில் வாங்கியிருந்தார். அதாவது பழைய சொந்தக்காரர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட, அந்தக் கடுதாசியே கைக்குக் கை போவது. இடையில் யாராவது தவணை கட்டாமல் விட்டால் கம்பனிக்காரர் வந்து, நீங்கள் காசு கொடுத்த காரை உங்கள் முற்றத்தில் வைத்தே சீஸ் பண்ணிக்கொண்டு போவார்கள். "லீசிங் முடிஞ்சுது, கடிதம் நாளைக்கு வரும்" என்று எட்டு நாள் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 25,000 வந்தது. மீதியை அம்மாவிடம் சொல்லவில்லை.

கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் புத்தகத்தைக் கேளுங்கள். முன்மூடியைப் பிறகு திறக்கலாம். புத்தகத்தில் உள்ள பெயரும் உங்கள் முன்னால் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கார் கிளிநொச்சியில் ஒரு மாமரத்துக்குக் கீழே நின்றது. 1998 நிஸான் மார்ச், ஆயிரம் சீசீ, கையால் கியர் போடுவது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லண்டனில் இதற்கு மைக்ரா என்று பெயர். ஈஸ்ட்ஹாமில் நான் ஓட்டப் பழகியதும் மூன்றாம் தடவை சோதனை பாஸ் பண்ணியதும் இதே முட்டை வடிவக் காரில்தான். 1993இல் ஐரோப்பாவின் ஆண்டுக்கான கார் விருதை வாங்கிய வண்டி. இப்போது லண்டனில் அதை வெளியே எடுத்தால் புகைக் கட்டணமாக நாளுக்கு 12.50 பவுண் அழ வேண்டும்.

சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். 2011 முதல் புத்தகம் அவர் பெயரில். ஒயில் மாற்றிய திகதி, மாற்றிய பெல்ட், கொடுத்த காசு எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நான் பாதி மனதை அந்தக் கொப்பியிலேயே பறிகொடுத்தேன். அண்ணை கொப்பியைத் திறக்கவே இல்லை. காலை ஏழு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போயிருந்தோம். முதலில் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. குளிர்ந்த என்ஜின் எப்படி எழும்புகிறது என்றுதான் பார்க்க வேண்டும், சூடாக்கி வைத்துக் காட்டினால் நோய் தெரியாது என்றார். சாக்கை விரித்துக் கீழே படுத்தார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து முற்றத்தில் வட்டமடிக்கச் சொன்னார். டிக்டிக் என்று சத்தம் வந்தால் ட்ரைவ் ஷாஃப்ற் போய்விட்டது. வரவில்லை, அதன் ரப்பர் உறை மட்டும் வெடித்திருந்தது. சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மணந்தார். மேலதிகச் சில்லைத் தூக்கி அடியில் சேறு காய்ந்திருக்கிறதா என்று தடவினார். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்த வெள்ளத்தில் எத்தனை வாகனம் நின்றன என்று எங்களுக்குத் தெரியும். கழுவிப் பெயின்ற் அடித்தால் வெளியே தெரியாது, சீற் பெல்ட்டின் அடிநுனியில் அழுக்குக் கோடு தெரியும்.

டயரில் மட்டும் பிடிபட்டது. தரையில் படும் பூ நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கம் 3516. 2016ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை செய்த டயர். ஒன்பது வயதாகப் போகிறது.

"இந்த என்ஜினுக்குச் செயின், பெல்ட் அறுந்துபோற பயமில்லை. இதிலை ஒட்டோ கியர் வந்தது வேண்டாம், மனுவல்தான் சரி. ஆனா மண்ணெண்ணெய் குடியாது," என்றார் அண்ணை. அதற்குமேல் புகழ்ச்சி அவர் வாயில் வராதாம், அத்தான் பிறகு சொன்னார்.

ஓட்டிப் பார்த்தேன். கொழும்புப் பக்கம் வெரஹெரவில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் அரை நாள் வரிசையில் நின்று எடுத்த தற்காலிக அனுமதிப்பத்திரம் அன்றுதான் பயன்பட்டது. ஏ9இல் பரந்தன் வரை போய், முல்லைத்தீவு றோட்டில் திரும்பி, முரசுமோட்டை வயல் காற்று இரண்டு பக்கத்தாலும் வர மூன்றாம் கியரில் கொஞ்சம் அழுத்தினேன். பெரிய வேகமெல்லாம் இல்லை. மணிக்கு 60 போகும்போதே 100 போகிற சந்தோசம். லண்டனில் என்னிடம் இருக்கும் கார் எல்லாவற்றையும் தானே செய்யும், பிரேக்கைக்கூட. இதில் கையும் காலும் காதும் சேர்ந்து வேலை செய்தன. பின்னுக்கிருந்த மருமகன் அக்வாவை மறந்துவிட்டு, "மாமா, இப்ப நான்" என்றான்.

சொந்தக்காரர் 23 லட்சம் சொன்னார். டயரையும் உறையையும் காட்டி 21 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடித்தோம். நான்கு டயர், உறை, றேடியேற்றர் குழாய், ஏசிக்கு வாயு என்று பிறகு ஒன்றரை லட்சம் போனது. கார் பார்த்ததற்கு அண்ணை வாங்கியது 3,000 ரூபாய். கூடக் கொடுத்தேன், திருப்பித் தந்துவிட்டார்.

அலுவலக வேலைகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. புகைப் பரிசோதனை கால் மணி நேரம். பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் பிடித்தது. காப்புறுதி அட்டை அன்றே கையில். அக்காவின் பெயருக்கு உரிமை மாற்ற இரண்டு பக்கத்துக் கையெழுத்தோடும் அடையாள அட்டைப் பிரதிகளோடும் கொடுத்தோம். புதுப் புத்தகம் நான் திரும்பி வந்த பிறகுதான் கிடைத்தது.

முதல் ஓட்டம் முறிகண்டிக்கு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அம்மா முன் சீற்றில் காலை நீட்டி இருந்தார். வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "அந்தப் பக்கத்துக் கண்ணாடி முழுசா ஏறுதில்லை, சொன்னனியோ அந்தக் கராஜ்காரனுக்கு?" என்று கேட்டார்.

நான் கவனிக்கவே இல்லை. அண்ணையும் கவனிக்கவில்லை, மூன்று பேர் பார்த்த காரில் அது அம்மாவின் கண்ணுக்குத்தான் பட்டது. யாழ்ப்பாணத்துக்குச் சொல்லிவிட்ட சாமான் இன்னும் வரவில்லை. அக்கா அந்தக் கண்ணாடி இடைவெளியில் ஒரு துணியைச் செருகி வைத்திருக்கிறாவாம், புழுதிக்கு.