சாலமாண்டர் பார்க்கச் சாலையா, குட்டைக்கரையா?

அமெரிக்காவின் வடகிழக்கில் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ அப்படி ஓர் இரவு வரும். பனி உருகி, மண் இளகி, இருட்டிய பிறகும் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல், மழையும் பெய்துகொண்டிருக்கும். வருடம் முழுக்க எலி வளைகளிலும் இலைக்குப்பைக்கு அடியிலும் கிடக்கும் மஞ்சள் புள்ளி சாலமாண்டர்கள் (பல்லி போன்ற உருவமும் தவளை போன்ற ஈரத்தோலும் உள்ள பிராணிகள்) அன்றுதான் கிளம்பும். கோடையில் வற்றிப்போகும் காட்டுக் குட்டைகள்தான் அவை போய்ச்சேரும் இடம். வற்றுவதால் அங்கே மீன் இருக்காது, முட்டைக்கு ஆபத்து குறைவு. அந்த ஊர்க்காரர்கள் இதை 'பிக் நைட்' என்பார்கள். கேமராவோடு போகிறவர் எங்கே நிற்பது? அவை சாலையைக் கடக்கும் இடத்திலா, குட்டைக்கரையிலா?

பார்க்க மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், சாலைதான். காட்டுக்குள் இலையோடு இலையாக மறைந்துபோகும் பிராணி, தார்மேல் ஏறியதும் மஞ்சள் புள்ளிகளோடு பளிச்சென்று தெரியும். ஒரு சாண் நீளம், அவசரமே இல்லாத நடை. (டார்ச் வெளிச்சத்தில் நனைந்த குச்சியும் சாலமாண்டர் போலவே இருக்கும், பழகும் வரை ஏமாறத்தான் வேண்டும்.) கூடவே காட்டுத் தவளைகளும் (வுட் ஃபிராக்) தாண்டிக்கொண்டிருக்கும். ஆனால் கார்கள் வரும். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பீக்மன் சாலையை இதற்காகவே சில இரவுகள் மூடிவிடுகிறார்கள். அப்படி ஓர் இடம் கிடைத்தால் பாதிக் கவலை விட்டது. மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்டில் ஹென்றி தெருவுக்கு அடியில் 1987-லேயே சாலமாண்டர்களுக்கென்று சுரங்கவழி போட்டுவிட்டார்கள். மற்ற இடங்களில் ஒளிரும் மேலங்கி கட்டாயம். கையில் தூக்கிக் கடத்திவிடுவதானால், க்ரீமோ கொசுமருந்தோ படாத ஈரக்கையால், அது போய்க்கொண்டிருந்த பக்கமாகவே விட வேண்டும். அதன் தோல் எதையும் உறிஞ்சிவிடும்.

படம் என்று வந்தால் சாலை ஏமாற்றும். பின்னணி முழுக்கத் தார், விபத்து விசாரணைக்கு எடுத்த போட்டோ மாதிரி இருக்கும். ஓரத்துப் பாசியில் இறங்கும் வரை காத்திருந்தால் ஒரு நல்ல படம் தேறலாம்.

குட்டைக்கரையில் நிலைமை நேர்மாறு. மழை இரவில் துளி விழுந்து தண்ணீர் கலங்கிக்கொண்டே இருப்பதால் உள்ளே எதுவும் சரியாகத் தெரியாது. அதனால் நான் மறுநாள் இரவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். மழை விட்டிருக்கும், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆண் சாலமாண்டர்கள் கூட்டமாகச் சுழன்று, ஒன்றை ஒன்று முட்டி நெளிந்துகொண்டிருக்கும். அந்த ஆட்டத்தைச் சாலையில் எத்தனை மணி நேரம் நின்றாலும் பார்க்க முடியாது. ஒன்று, தண்ணீருக்குள் கால் வைக்கக் கூடாது; மிதிபடுவது முட்டையாக இருக்கலாம். வெள்ளை டார்ச்சைவிட சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாகக் கலைக்காது.

போனா, மேக்ரோ லென்ஸா (சிறியவற்றை மிக அருகில் எடுக்கும் லென்ஸ்)? மழையில் போனின் தொடுதிரை ஈரவிரலுக்குப் படியாது, அப்புறம் அதன் ஃபிளாஷ் ஈரத்தோலில் நேராக விழுந்து வெள்ளைத் திட்டாகிவிடும். நண்பர் பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் போனே போதும். தனியாகப் போகிறவருக்கு 60 மி.மீ. மேக்ரோவும், மெல்லிய வெள்ளைத்துணி போர்த்திய ஃபிளாஷும் நல்லது. 100 மி.மீ. வைத்தால் ஒரு சாண் பிராணிக்கே பின்னால் பின்னால் நகர வேண்டும், சுற்றியுள்ள காடும் படத்தில் வராது.

இரவில் கண் விழிக்க முடியாதவருக்குப் பகல் குட்டை இருக்கிறது. லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் நீரின் பளபளப்பு அடங்கி, அடியிலுள்ள இலைகளில் ஆண்கள் விட்டுப்போன வெள்ளை விந்துப் பொதிகள் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரியும். சில நாள் கழித்துப் போனால் குச்சிகளைச் சுற்றி முட்டைத் திரள்கள். உள்ளே பாசி வளர வளர அவை பச்சையாகிக்கொண்டே போகும். ஓடாது, நெளியாது, ட்ரைபாட் வைத்து ஆற அமர எடுக்கலாம்.