டெல்டா தடுப்புகள், ஒரு நாள் பேருந்துச் சுற்றுலா: ஐந்துக்கு மூன்றரை

ராட்டர்டாமில் காலையில் ஏற்றி, நெதர்லாந்தின் வெள்ளத் தடுப்புகளைக் காட்டி, இருட்டுவதற்குள் கொண்டுவந்து இறக்கிவிடும் சுற்றுலா இது. கடலோரக் கட்டுமானம் என் பிழைப்பு. அம்மாவும் கூட வந்தார். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை.

முதல் நிறுத்தம், ஹூக் வான் ஹாலண்ட் பக்கத்தில் உள்ள மாஸ்லான்ட் தடுப்பு. 1997-ல் திறந்தது. இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். எல்லோரும் கதவைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கண் அதைத் தாங்கும் இரும்புக் கையின் முனையில் இருந்தது. அங்கே 10 மீட்டர் விட்டத்தில் ஒரு பந்து மூட்டு, நம் தோள்பட்டை மாதிரி. கதவு பக்கவாட்டில் திரும்பவும் வேண்டும், தண்ணீரோடு ஏறி இறங்கவும் வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ராட்டர்டாமில் கடல் மட்டம் வழக்கத்தைவிட 3 மீட்டர் ஏறும் என்று கணக்கு வந்தால், மூடும் முடிவைக் கணினியே எடுக்கிறது. 2023 டிசம்பர் 21 அன்று அப்படித்தான் தானாக மூடிக்கொண்டது.

வழிகாட்டிப் பெண் பேசி முடித்ததும் அம்மா என் கையைப் பிடித்து, "கதவ மூடிட்டா பின்னாடி வர்ற ஆத்துத் தண்ணி எங்கடா போகும்?" என்றார். மொழிபெயர்த்துக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கதவின் உள்ளே வெற்றிடமாம். மிதந்து வந்து ஆற்றின் குறுக்கே நின்றபின், உள்ளே தண்ணீரை விட்டு அடியில் உட்கார வைக்கிறார்கள். ஆற்றுப்பக்கம் மட்டம் கடலைவிட ஏறினால் அந்தத் தண்ணீரை வெளியேற்றிக் கதவை மிதக்கவிட, ஆறு அடியால் ஓடிவிடும். ரைன் ஆற்றுத் தண்ணீரும் வந்து சேரும் வாய்க்கால் அது. அம்மாவின் கேள்விதான் வடிவமைப்பின் மையக் கேள்வி. வழிகாட்டிக்கு முழு மார்க்.

அடுத்து ஔவர்கெர்க் என்ற கிராமம். 1953 ஜனவரி 31 இரவு வடகடல் புயலில் கரைகள் உடைந்து இந்த நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். கடைசி உடைப்பை இங்கேதான் நவம்பர் 6 அன்று, நான்கு ராட்சதக் கான்கிரீட் பெட்டிகளை மூழ்கடித்து அடைத்தார்கள். நார்மண்டித் துறைமுகத்துக்காகப் போரின்போது உருவாக்கிய வகைப் பெட்டிகள் அவை. அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இப்போது அருங்காட்சியகம். உடைப்பை அடைத்த சுவருக்குள் நடக்கிறோம்! நாள் முழுக்க இங்கே இருக்கலாம். சுற்றுலாக்காரர்கள் கொடுத்த நேரமோ, அதன்பின் சாப்பாட்டுக்கு நிறுத்தியதைவிடக் குறைவு. அரை மார்க் அங்கே போயிற்று. சாப்பாடும் சொல்லிக்கொள்கிறபடி இல்லை.

மூன்றாவது, ஓஸ்டர்ஸ்கெல்ட் முகத்துவாரத்தின் தடுப்பு. 65 தூண்கள், 62 இரும்புக் கதவுகள், 1986-ல் திறப்புவிழா. நாங்கள் போனபோது வற்றம், அதாவது கடல்நீர் இறங்கும் நேரம். தூண்களுக்கிடையே தண்ணீர் கடலை நோக்கிப் பாய்கிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. முதலில் போட்ட திட்டம் முகத்துவாரத்தை மொத்தமாக அடைத்து அணை கட்டுவது. மட்டி, சிப்பி எடுப்பவர்களும் மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்து நின்றதால்தான் இந்தக் கதவு. சாதாரண நாளில் ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) உள்ளே வந்து போகும், புயலன்று மட்டும் அடைப்பு. அதற்கு ஆன கூடுதல் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஒலிபெருக்கியில் இந்தப் போராட்டத்துக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்தது. தூண்களின் எடைக்கு ஐந்து நிமிடம்!

என் பெரிய குறையே இதுதான். தாழ்வான கடற்கரை எங்கெல்லாம் உண்டோ அங்கிருந்தெல்லாம் ஆட்கள் இந்தக் கதவுகளைப் பார்க்க வருகிறார்கள், அதே மாதிரி ஒன்று கட்ட வேண்டும் என்ற ஆசையோடு திரும்புகிறார்கள். கதவைவிட முதலில் கற்க வேண்டியது இங்குள்ள நீர் வாரியங்கள் என்பது என் கட்சி. நாடு முழுக்க 21 உண்டு. வேர் 13-ஆம் நூற்றாண்டு வரை போகிறது. தனித் தேர்தல், தனி வரி. கரையைப் பராமரிக்கும் காசை வேறு செலவுக்குத் திருப்பிவிட முடியாது. பேருந்தில் இதைப் பற்றி மூச்சே இல்லை. ஹேக் நகருக்குத் தெற்கே 2011-ல் 2.15 கோடி கனமீட்டர் மணலைக் கொட்டி, அதை அலையும் காற்றும் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டிருக்கிறார்கள். மாஸ்லான்டிலிருந்து அதிக தூரமில்லை, ஆனாலும் போகவில்லை. முன்பு அடைத்த ஹாரிங்ஃப்ளீட் முகத்துவாரத்தின் மதகுகளை மீன் ஏறிவர 2018 முதல் சற்றே திறந்து வைக்கிறார்களே, அதையாவது சொல்லியிருக்கலாம்.

ஒரே நாளில் மூன்றையும் பார்க்க வேண்டுமென்றால் தாராளமாகப் போகலாம். சொந்த வண்டி இருந்தால் ஔவர்கெர்க்குக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மாஸ்லான்ட் கதவு அசைவதைப் பார்க்க ஆசை இருந்தால், ஆண்டுதோறும் புயல் பருவத்துக்கு முன்பு, வழக்கமாகச் செப்டம்பரில், சோதனைக்காக மூடும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். ஓஸ்டர்ஸ்கெல்டுக்குக் குடை வேண்டாம், காற்றில் நிற்காது. தலையை மூடும் மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.