கமான் பட்டை என்று சாதா இரும்பைத் தலையில் கட்டிவிட்டார்கள், 18,400 ரூபாய் போச்சு

மதுரையில் டிரெய்லருக்கு கமான் பட்டை (வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டை) மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு உதிரிபாகக் கடையில் 18,400 ரூபாயைக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு நடுரோட்டில் நின்றேன்.

கூடாரம், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த கேம்பிங் டிரெய்லர் எங்களுடையது. பழைய பட்டைகள் வளைவு இறங்கித் தளர்ந்துவிட்டன. சாமான் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினேன், 900 கிலோ. பட்டையின் இரு முனையிலும் இருக்கும் வளையத்தைக் கண் என்பார்கள், ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரை நீளம், அகலம், கனம், எத்தனை பட்டை, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் எங்கே வருகிறது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் போனேன்.

கடைக்காரர் தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார். "இப்படி அளவெடுத்துட்டு வர்ற ஆளை நான் பாத்ததே இல்லண்ணே" என்றார். டீ வாங்கிவரச் சொன்னார். பட்டையைச் சுத்தியலால் தட்டி, "சத்தத்தைக் கேளுங்க, அசல் ஸ்பிரிங் ஸ்டீல், ஈஎன் 45. இதுல என் குடும்பத்தையே ஏத்திட்டுப் போவேன்" என்றார். குடும்பத்தை இழுத்துச் சொல்கிற மனுஷனை எப்படிச் சந்தேகப்படுவது? பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்பில் வருமாம். இன்று வரை வரவில்லை.

ஆண்டிபட்டி கணவாய் வளைவில் டிரெய்லர் இடதுபக்கம் உட்கார்ந்துவிட்டது. டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகுகிற நாற்றம். உசிலம்பட்டியிலிருந்து வந்த பட்டறைப் பெரியவர் பட்டையில் அரத்தை வைத்து ராவினார். சுலபமாக இறங்கியது. "தம்பி, இது வெறும் இரும்பு. சூடேத்தி எண்ணெய்ல முக்கிப் பதம் ஏத்தவே இல்ல" என்றார். பதமேற்றிய பட்டை வளைந்தாலும் பழையபடி நிமிரும். இது வளைந்தது வளைந்தபடியே நின்றது. கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைச் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் துரு. புதுசு என்று அதற்கும் சேர்த்துத்தான் அந்த 18,400.

கடைக்குத் திரும்பிப் போனால், "ஓவர்லோடு ஏத்திருப்பீங்க." எடைச்சீட்டைக் காட்டினேன். "கம்பெனிக்கு அனுப்பிப் பாக்கணும், கழட்டிக் கொண்டாங்க." கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் முதலாளி வெளியூர். அப்புறம், "அழகர் ஆத்துல இறங்கட்டும்ணே, பேசிக்கலாம்." அழகர் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். போனை எடுக்கவில்லை. நேரில் போனேன். டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள், "நீங்க யாருண்ணே?" என்கிறார்! வளைந்த பட்டையும் அவர்களிடம், 18,400 ரூபாயும் அவர்களிடம்.

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பணம் கொடுக்கும் முன் பெயிண்டைச் சுரண்டி அரம் போட்டுப் பாருங்கள், விடமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். யூ போல்ட் புதுசாகவே இருக்கட்டும், கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். எஸ்டிமேட் சீட்டு வேண்டவே வேண்டாம். கெட்டுப்போன சாமானைப் போட்டோ எடுக்காமல், எழுதி வாங்காமல் கடையில் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் சொல்லிவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 18,400-ஐ விடப்போவதில்லை.