விரலளவு டிராகனுக்கு 1,850 ரூபாய்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகச மேசை விளையாட்டை ஆடும் நண்பர்கள் கவனத்துக்கு. "200 காகித மினியேச்சர், அச்சடித்து, வெட்டி, ஒட்டி, பேஸுடன் வீட்டுக்கே வரும்" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. மினியேச்சர் என்றால் மேசையில் நிறுத்தும் குட்டி உருவம், பேஸ் என்றால் அதைத் தாங்கும் அடிக்கட்டை. என்னிடம் 1,850 ரூபாய் வாங்கினார்கள். நேற்று அதே படங்கள் வேறு பெயரில், 1,499 ரூபாய்க்கு என் கண்ணில் பட்டன. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனியும் சொல்லாமல் இருந்தால் சரியில்லை.

கோவையில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து பேர் ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது, எங்கள் கூட்டத்திலேயே இரக்கமில்லாத போர்வீரர் அவள்தான். வரைபடத்தில் ஒரு அங்குலக் கட்டம் போட்டிருப்போம், ஒரு கட்டம் என்றால் ஐந்து அடி. அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட இத்தனை நாளும் சோழியும் புளியங்கொட்டையும்தான். ஸ்கெலிட்டன் என்ற எலும்புக்கூட்டுக்குச் சோழி, கோபிளின் என்ற குட்டி அரக்கனுக்குப் புளியங்கொட்டை. "நான் அடிச்சது இந்தக் கொட்டையை இல்ல, அந்தக் கொட்டையை" என்று வாராவாரம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். இறக்குமதி பிளாஸ்டிக் பொம்மை ஒன்றே சில நூறு ரூபாய் ஆகிறது. இருபது கோபிளின் வாங்க வேண்டுமென்றால் வீட்டில் பதில் சொல்லி மாளாது.

அதனால்தான் காகிதம். காகிதம் என்றதும் இளப்பமாக நினைக்க வேண்டாம், அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1980-களின் தொடக்கத்திலேயே 'கார்ட்போர்டு ஹீரோஸ்' என்று அட்டை வீரர்களை விற்றது. இன்று பல ஓவியர்கள் பிடிஎஃப் கோப்பாகவே தருகிறார்கள். முன்பக்கப் படமும் முதுகுப் படமும் தலையோடு தலை ஒட்டி நேர்கோட்டில் இருக்கும். நடுவில் மடித்து ஒட்டி, ஓரத்தை வெட்டி, அடியில் பேஸில் செருகினால் நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், வெட்டுவதற்குச் சோம்பல்பட்டுத்தான் அந்த விளம்பரத்தில் விழுந்தேன்.

படத்தில் இருந்தது அருமையான மேசை. ஒரு சிவப்பு டிராகன், அதைச் சுற்றி ஆர்க் என்ற அரக்கர் படை, எல்லாவற்றுக்கும் கறுப்பு ஓரம். "300 ஜிஎஸ்எம் கார்டு ப்ரோ, பக்கா க்வாலிட்டி" என்றார்கள். ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் எண். பணம் ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு, முழுத் தொகையும் முன்கூட்டியே. கேஷ் ஆன் டெலிவரி கேட்டேன். "கஸ்டம் ஆர்டருக்கு முடியாது ப்ரோ" என்றார்கள். கஸ்டம் என்ன இருக்கிறது இதில் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் வரும் என்றது நாலாவது வாரம் வந்தது. பிரித்ததும் முதலில் பேசியது அக்கா மகள்தான். "மாமா, ஓகரும் கோபிளினும் ஒரே உயரமா இருக்கு."

ஓகர் என்பது பெரிய பூதம். அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். எல்லாமே ஒரே உயரம். கோபிளின், மனிதன், ஓகர், ஏன், டிராகன்கூட! ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: விதிப்படி மனிதனும் கோபிளினும் ஆளுக்கு ஒரு கட்டம்தான். ஓகர் நான்கு கட்டத்தை அடைத்து நிற்கும். வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம் வேண்டும். எனக்கு வந்த டிராகன் ஒரே கட்டத்தில் கை கால் நீட்டி நிற்கலாம், என் சுண்டுவிரல் அளவு. கிடைத்த படத்தையெல்லாம் அள்ளி, ஒரே பெட்டி அளவுக்குள் தட்டி, பக்கம் பக்கமாக அடித்திருக்கிறார்கள். இந்த விளையாட்டைத் தெரிந்த எவனும் இந்த வேலையைச் செய்ய மாட்டான்.

அப்புறம் ஸ்கேலை எடுத்தேன். அடிப்பாகம் 25 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், இருந்தது 21. கொடுத்த பிளாஸ்டிக் பேஸோ ஒரு அங்குல அட்டைக்கான அளவு. செருகினால் ஆடுகிறது, விட்டால் சாய்கிறது. கார்டு 300 ஜிஎஸ்எம் இல்லவே இல்லை. ஒட்டாத ஒரு துண்டைக் கல்யாணப் பத்திரிகையோடு வைத்துத் தடவிப் பார்த்தேன், பத்திரிகை இரண்டு மடங்கு தடிமன். மின்விசிறியைப் போட்டால் ஆர்க் படை தானாகவே பின்வாங்குகிறது. பசை ஈரத்தில் இங்க்ஜெட் மை கசிந்து, பாதி ஸ்கெலிட்டன்களுக்கு எலும்பே நீல நிறம். முதுகுப் பக்கத்திலும் முகத்தையே ஒட்டியிருந்தார்கள், அதுவும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி. எதிரி எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கேட்டால் எல்லாப் பக்கமும்தான்.

எண்ணிக்கை 200 சரியாக இருந்தது. அதில் 70 வெறும் ஸ்கெலிட்டன், ஒரே படம்.

இத்தனையையும்விட எனக்கு உறுத்தியது வேறு. சில உருவங்களின் கால் அருகே ஒரு மங்கல், ரப்பர் வைத்துத் தேய்த்ததுபோல. கூட ஆடும் நண்பன் படத்தைக் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது ஓசியில குடுக்கிற செட்டுடா" என்றான். ஓர் ஓவியர், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதி, இலவசமாகவே தந்திருக்கிற தொகுப்பு. மங்கலாக இருந்த இடத்தில் அவருடைய கையெழுத்து. இவர்கள் அதை அழித்து, சிறு முன்னோட்டப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி அடித்திருக்கிறார்கள். ஒரு அங்குல அகலம் தெளிவாக வர 300 பிக்சலாவது வேண்டும். 72 பிக்சல் படத்தை இழுத்தால் முகம் கூழ்தான். அந்த விளம்பர மேசைகூட வேறு யாரோ வெளிநாட்டு ஆட்டக்காரருடையது.

விற்றவர்களிடம் கேட்டேன். "ஹேண்ட்மேட் ப்ரோ, ஸ்லைட் வேரியேஷன் இருக்கும்" என்று பதில் வந்தது. டிராகனைக் கோபிளின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் வந்தது, அப்புறம் பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிய உட்கார்ந்தபோதுதான் என் முட்டாள்தனம் எனக்கே புரிந்தது. எதிர்த் தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டிய இடத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இணையத்தில் விற்பவர் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்க்கும் தொடர்பு எல்லாம் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. என் கையில் இருந்தது ஒரு யுபிஐ ஸ்கிரீன்ஷாட், கூரியர் உறையில் ஒரு ஊர்ப்பெயர், பிளாக் ஆன ஒரு கைப்பேசி எண். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோவும் எடுக்கவில்லை. பணம் போனது போனதுதான்.

பிறகு நானே அந்த ஓவியரின் தொகுப்பை இறக்கி, பக்கத்து டிஜிட்டல் பிரிண்ட் கடைக்குப் போனேன். 250 ஜிஎஸ்எம்மில் கலர் லேசர், ஒரு ஏ4 தாள் 30 ரூபாய். ஒரு தாளில் பன்னிரண்டு வீரர்கள், அதாவது ஆளுக்கு இரண்டரை ரூபாய். அந்த விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்தது ஆளுக்கு ஒன்பதே கால். கடைக்காரர் முதல் தாளை 'ஃபிட் டு பேஜ்' போட்டே அடித்துவிட்டார், அது ஏமாற்று இல்லை, வழக்கம். இந்தக் கோப்புகளில் பல அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும். ஏ4-க்குள் அடக்கினால் 97 சதவீதமாகச் சுருங்கும். 'ஆக்சுவல் சைஸ்' போடச் சொல்லி, ஒரே ஒரு தாள் அடித்து, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். இது விற்பனைக்கா என்று கடைக்காரர் தயங்கினால், சொந்த உபயோகத்துக்கு அச்சடிக்கலாம் என்ற ஓவியரின் வரியைக் காட்டுங்கள். பல கோப்புகளிலேயே அது இருக்கும்.

மடிக்கும் கோட்டில் முதலில் எழுதாத பேனாவால் அழுத்திக் கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் லேசர் மை வெடித்து வெள்ளைக் கீறல் விழும். விழுந்தாலும் கறுப்பு மார்க்கரால் ஓரம் தீட்டினால் மறைந்துவிடும். ஈரப் பசை வேண்டாம், குச்சிப் பசை போதும். அடியில் ஹார்டுவேர் கடை வாஷர் ஒன்றை ஒட்டினால் மின்விசிறி மூன்றில் ஓடினாலும் அசையாது. இரண்டு மாலையில் நாற்பது உருவம் வெட்டி முடித்தோம். அக்கா மகள் வெட்டியதுதான் நேராக வந்தது, என்னுடைய ஆர்க் ஒருவனுக்குக் காது போய்விட்டது.

அச்சடித்த செட்டையே காசு கொடுத்து வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை. ஓவியரிடம் விற்பனை உரிமை வாங்கி, நேர்மையாக வெட்டித் தருபவரின் உழைப்புக்கு விலை உண்டு. அப்படிப்பட்டவரிடம் எந்த ஓவியருடையது என்று கேட்டால் தயங்காமல் பெயர் சொல்வார். இவர்களிடம் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

1,499 ரூபாய் விளம்பரம் உங்களுக்கும் வந்திருந்தால், பணம் அனுப்பும் முன் ஒரே ஒரு படம் கேளுங்கள்: ஓகரையும் கோபிளினையும் அருகருகே நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து.