ஒரே பேரிங் இரண்டு தடவை போனது ஏன்? முல்லைத்தீவில் ஒரு படகு எஞ்சின் திருத்தகம்

நான்கு மாதங்களுக்குள் ஒரே பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) இரண்டாவது தடவையும் பழுதான பின்னர்தான், முல்லைத்தீவு நகரை அண்டியுள்ள இந்தத் திருத்தகத்துக்கு எனது எஞ்சினைக் கொண்டு போனேன். தகரக் கூரையின் கீழ் ஒரு ஹைட்ரோலிக் பிரஸும் சிறிய லேத் ஒன்றும் வைத்து, வயதில் மூத்த மெக்கானிக் ஒருவர் இரண்டு இளைஞர்களைப் பழக்கிக்கொண்டு நடத்தும் இடம் அது. பாவித்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு உதவும் என்பதால், அங்கு நடந்த வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனது எஞ்சின் 15 குதிரைவலுவும் இரண்டு சிலிண்டர்களும் கொண்டது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடும் வகை. செம்மலைக் கரையில் இருந்து பைபர் படகில் தொழிலுக்குப் போவதற்காக, இன்னொருவர் பல வருடங்கள் ஓடியதை வாங்கினேன். 2009இல் படகு, எஞ்சின், வலை எல்லாவற்றையும் இழந்துவிட்டுத் திரும்பி வந்த எமது கரையில் பலருக்குக் கைக்கெட்டியது பாவித்த எஞ்சின்தான். அதை வாங்கும்போது வெளிப்பூச்சையும் புரொப்பெல்லரையும் பார்க்கலாம். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்க்க முடியாது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, செலவை ஈடுகட்ட ஓயிலைக் குறைத்துக் கலந்தவர்களை எனக்குத் தெரியும். எனது எஞ்சின் அந்தக் காலத்தில் யாருடைய கையில் இருந்தது, எந்தக் கலவையில் ஓடியது என்பது எனக்குத் தெரியாது.

வாங்கிய சில மாதங்களில், மெதுவாக ஓடும்போது திரிகல்லில் அரைப்பது போன்ற ஒரு சத்தம் அடியில் இருந்து எழத் தொடங்கியது. வேறோர் இடத்தில் காட்டினேன். ஆனி மாதத்தில் கீழ் பேரிங்கை மாற்றி ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள். ஐப்பசியில் அதே சத்தம் திரும்பவும் வந்தது. நாளை பார்ப்போம் என்று நானும் இரண்டு நாட்கள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில், கரையில் இருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் தூரத்தில், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வலையைப் படகில் ஏற்றிவிட்டு மச்சானும் நானும் மாறி மாறித் துடுப்புப் போட்டோம். நீரோட்டம் எங்களைத் தெற்கே நாயாற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டே போனது. தெரிந்தவர் ஒருவரின் படகு கயிறு கட்டி இழுத்து வந்திராவிட்டால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த வகை எஞ்சினில் கிராங்கை, அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை, தாங்கும் பேரிங்குகளுக்கென்று தனியான ஓயில் கிடையாது. கார்பரேற்றரில் இருந்து வரும் காற்றும் எரிபொருளும் முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, அதன் பின்னரே சிலிண்டருக்கு ஏறுகின்றன. எரிபொருளோடு நாம் கலந்துவிடும் ஓயில்தான் போகிற வழியில் மேல், நடு, கீழ் பேரிங்குகளையும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் இரு முனைகளிலும் உள்ள ஊசி உருளைகளையும் நனைக்கிறது. அந்த அறை காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். அதற்காகக் கிராங்கின் இரு முனைகளையும் சுற்றி அடைக்கும் வளையம்தான் ஓயில் சீல். மேல் ஓயில் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டுக் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறும். கீழ் சீல் தேய்ந்தால் உப்புத் தண்ணீரின் ஈரம் உள்ளே ஏறும். ஓயில் படலம் கழுவப்பட்ட உருக்கில் உப்பு ஈரம் ஓரிரவு தங்கினாலே துருப் புள்ளி விழத் தொடங்கிவிடும்.

திருத்தகத்தில் முதலில் செய்தது கிராங்கின் மேல் முனையில் உள்ள பிளைவீல் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், பின்னர் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்ததுதான். மேலே ஆட்டமில்லை. சிலிண்டரும் கிராங்கும் உள்ள மேற்பகுதியான பவர் ஹெட்டைக் கழற்றுவதற்கே அரை நாள் போனது. உப்பேறிய போல்ற்றுகளை வலிந்து முறுக்காமல், சூடாக்கி, எண்ணெய் விட்டு, பொறுத்திருந்து கழற்றினார்கள். ஒரு போல்ற்கூட முறியவில்லை. உடைந்த போல்ற் ஒன்றைத் துளைத்தெடுக்கும் வேதனையை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நான்கு மாதம் மட்டுமே ஓடிய பேரிங்கை வெட்டித் திறந்து, வெளி வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார் மெக்கானிக். குண்டுகள் ஓடும் பாதையில் ஏறத்தாழ சம இடைவெளியில் சிறிய குழிகள் இருந்தன. அவற்றைச் சுற்றிக் கறுத்த துரு படர்ந்திருந்தது. குழிகள் முன்பு மாற்றியவர்கள் செய்த வேலை: கிராங்க் சாஃப்ட்டில் (தண்டில்) இறுக்கமாக உட்கார வேண்டிய பேரிங்கை வெளி வளையத்தில் குழாய் வைத்து அடித்து இறக்கியிருக்கிறார்கள். அப்படி அடித்தால் அடியின் பாரம் முழுவதும் குண்டுகளுக்கூடாகப் போய்ப் பாதையைக் குழியாக்கிவிடும். அந்தப் பேரிங் எஞ்சினில் ஏறும்போதே பாதி பழுதாகிவிட்டது. துருவுக்கு வேறு காரணம் இருந்தது. கிராங்கின் கீழ் முனையில், சீலின் உதடு தொட்டுச் சுழலும் இடத்தில் எனது பெருவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுக்கச் சொன்னார். நகம் ஒரு வரியில் மாட்டி நின்றது. மயிரிழை அளவான அந்தப் பள்ளத்தில் எந்தப் புதிய சீலைப் போட்டாலும் தண்ணீரை மறிக்காது.

“தம்பி, பேரிங் தானாப் பழுதாகேல்லை. தண்ணி வந்த வழியை அடைக்காமல் பேரிங்கை மட்டும் மாத்தி என்ன பிரயோசனம்?” என்று கேட்டார். முதல் இடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த விடியற்காலை எங்களுக்கு வந்திராது.

பள்ளம் விழுந்த இடத்துக்கு மெல்லிய துருப்பிடிக்காத உருக்கு உறை ஒன்றை ஏற்றி, அதன் மீது புதிய சீலைப் பொருத்தினார். மேல் சீல் பார்வைக்கு நன்றாக இருந்தபோதும், எஞ்சின் திறந்திருக்கும் நேரத்திலேயே அதையும் மாற்றிவிட வேண்டும் என்றார், நானும் உடன்பட்டேன்.

பேரிங் தெரிவில் அவர் காட்டிய கவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனது எஞ்சினின் கீழ் பேரிங்கில் 6205 என்று பொறித்திருக்கும். உள் விட்டம் 25 மில்லிமீற்றர், வெளி விட்டம் 52 மில்லிமீற்றர், தடிப்பு 15 மில்லிமீற்றர் என்பது அந்த எண்ணின் பொருள். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வரும். இதே அளவில் மோட்டார் சைக்கிளுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் பேரிங் கிடைப்பதால், அளவு சரி என்று எதையாவது வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் காட்டித் தந்தார். எண்ணுக்குப் பின்னால் சி3 (C3) என்ற குறி இருக்க வேண்டும். சூட்டில் உருக்கு விரியும்போது குண்டுகள் இறுகாதபடி உள்ளே கூடுதல் இடைவெளி விட்டுச் செய்யப்பட்டது என்பதே அதன் கருத்து. மற்றது, இருபுறமும் இறப்பர் மூடியிட்ட பேரிங் இந்த இடத்துக்கு ஆகாது, ஏனென்றால் கலவையில் வரும் ஓயில் குண்டுகளைத் தொட வேண்டும். நான் வவுனியாவில் விலை குறைவாகக் கிடைத்தது என்று வாங்கிப் போயிருந்த பேரிங் மூடியிட்டதாகவும் சி3 குறி இல்லாததாகவும் இருந்தது. அதை அவர் பொருத்த மறுத்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது அந்த மறுப்புக்கு நன்றி சொல்கிறேன்.

பொருத்திய முறையும் பார்க்கத்தக்கது. சட்டியில் எண்ணெயை 100 பாகை அளவுக்குச் சூடாக்கி, பேரிங் அடியைத் தொடாதபடி கம்பியில் தொங்கவிட்டு, உள் வளையம் விரிந்ததும் எடுத்துச் சாஃப்ட்டில் வைத்தார். சுத்தியல் எடுக்கவேயில்லை, மோதிரம் விரலில் இறங்குவது போல அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பின்னர் கிராங்கை இரண்டு கட்டைகளில் வைத்து நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜினால் வளைவு பார்த்தார். நடுப் பேரிங்கும் கொன்ரொட்டின் ஊசி உருளைகளும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றை மாற்றுவதென்றால் பிரஸில் கிராங்கைப் பிரித்து மறுபடி நேராக்க வேண்டும். அது பெரிய செலவு. தேவையில்லாத அந்த வேலையை என் தலையில் கட்டாமல் விட்டது அவருடைய நேர்மை. கிராங்க் அறையின் இரு பாதிகளுக்கும் இடையில் பக்கிங் (அடைப்புத் தகடு) கிடையாது. பழைய பூச்சைச் சுரண்டித் துடைத்து, அதற்குரிய பசையை மெல்லிய கோடாக இட்டு, நடுவில் இருந்து வெளிப்பக்கமாக இரண்டு சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் சாவியால் இறுக்கினார்கள்.

குறைகளும் உண்டு. பத்து நாட்களில் தருவதாகச் சொன்ன எஞ்சின் பத்தொன்பது நாட்களின் பின்னரே கையில் கிடைத்தது. தாமதம் பற்றி அவர்களாக அறிவிக்கவில்லை, நான்தான் மூன்று தடவை போய்க் கேட்டேன். நாளாந்தம் கடலை நம்பியிருப்பவருக்கு ஒன்பது நாள் சிறிய விடயமல்ல. உதிரிப்பாகம், கூலி எல்லாம் சேர்த்து 64,500 ரூபாய் ஆனது. அந்தத் தொகை நியாயமானதே, ஆனால் விபரம் பிரித்து எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கழற்றிய பழைய பாகங்கள் முழுவதையும் பையில் போட்டுத் தந்தார்கள்.

எஞ்சினைத் தரும்போது, முதல் 10 மணித்தியாலங்களுக்கு ஓயிலை இரட்டிப்பாக்கச் சொன்னார்: பெற்றோலில் வழமையாக 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் கலப்பவர் 800 கலக்க வேண்டும், மண்ணெண்ணெய் என்றால் கையேட்டில் அதற்கென்று உள்ள அளவைப் பார்க்க வேண்டும். கரை சேரும் முன்னர் பெற்றோல் கலவைக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால் அறைக்குள் மண்ணெண்ணெய் தேங்காது என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னார். 10 மணித்தியாலம் முடிந்ததும் திரும்பக் கொண்டு போனேன். ஹெட் போல்ற்றுகளை மறுபடி இறுக்கிப் பார்த்துத் தந்தார்கள், கூலி வாங்கவில்லை. இப்போது ஆறு மாதங்களாக ஓடுகிறது. மெதுவான ஓட்டத்திலும் அந்த அரைக்கும் சத்தம் இல்லை.

போக நினைப்பவர்கள் கார்த்திகை, மார்கழியைத் தவிர்ப்பது நல்லது. கடல் கொந்தளிப்பில் தொழில் நிற்கும் அந்த மாதங்களில் கொக்கிளாயில் இருந்தும் எஞ்சின்கள் வந்து வாசல்வரை நிற்கும். நான் பத்தொன்பது நாள் காத்திருந்ததும் அப்போதுதான்.