பெயர்ப்பலகை இல்லாத தேத்தண்ணிக் கடையும் 88 தோல்விகளும்

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கமாக நடந்தால் ஐந்து நிமிடத்தில் இந்தக் கடை வரும். பெயர்ப்பலகை கிடையாது. பச்சைப் பலகைக் கதவு, வெளியே ஒரு நீள வாங்கு, உள்ளே மூன்று மேசை. காலை நாலரைக்குத் திறந்துவிடும், அந்த நேரத்தில் ஊரில் வேறு எங்கும் சுடச்சுட ஒரு பிளேன்டீ கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேஸ்போல் சீசனாக நான் கிட்டத்தட்ட ஒவ்வொரு விடியலும் போகிற இடம் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் தேத்தண்ணி. கடைக்கார நானா இஞ்சியை முன்கூட்டியே அரைத்து வைப்பதில்லை, நீங்கள் கேட்ட பிறகுதான் ஒரு துண்டை அம்மிக்கல்லில் வைத்து ஒரே தட்டாகத் தட்டுவார், அதன் மேலேயே சாயத்தை வடிப்பார், அந்த மணம் வாங்கு வரைக்கும் வரும். சீனி போடாமல் ஒரு துண்டு பனங்கட்டி கேட்டால் தருவார், நிலாவெளிப் பக்கம் இருந்து யாரோ கொண்டுவந்து கொடுப்பார்களாம். ஐந்தரைக்குத் தேங்காய்ப்பூ ரொட்டி கல்லில் விழும். கட்டைச் சம்பலில் உப்பும் தேசிக்காயும் ஒரு நாளும் கூடிக் குறைந்ததில்லை. இஞ்சிப் பிளேன்டீ 50 ரூபாய், ரொட்டி 60. சுபஹுத் தொழுகைக்கு நானா பள்ளிக்குப் போகும்போது கல்லாவை யாரிடமும் ஒப்படைப்பதில்லை, இருப்பவர்கள் காசைத் தகர டப்பாவில் போட்டு மிச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வோம்.

சரி, நாலரைக்கு எனக்கு அங்கே என்ன வேலை? கனடாவின் பேஸ்போல் அணியான ரொறன்ரோ புளூ ஜேஸ் தங்கள் ஊரில் விளையாடும் இரவு ஆட்டங்கள் அங்கே 7.07-க்குத் தொடங்கும். நமக்கு அது மறுநாள் விடியற்காலை 4.37.

அண்ணா ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறார். 2015-இல், 22 வருடத்துக்குப் பிறகு அந்த அணி பிளே-ஓஃப் என்ற இறுதிச் சுற்றுகளுக்குப் போனபோது, தன் தொலைபேசியைத் தொலைக்காட்சிக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினார். டெக்சாஸ் அணிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் ஹோசே பவுட்டிஸ்டா பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பி மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து மட்டையை வீசியெறிந்ததை நான் அப்படிக் கோணலாகத்தான் பார்த்தேன். அண்ணா கத்தியதில் படம் ஆடியது. அன்றிலிருந்து நான் அந்த அணியின் ஆள். வீட்டில் அந்த நேரத்தில் பிள்ளைகள் நித்திரை, அறைக்குள் சிக்னலும் சரியில்லை, அதனால் 2024 ஏப்ரல் நடுவில், நோன்புப் பெருநாள் முடிந்து கடை பழைய நேரத்துக்குத் திரும்பியதும், தொலைபேசியில் ஆட்டம் பார்க்க இந்த வாங்கின் இடது மூலையில் போய் உட்கார்ந்தேன். அங்கே சிக்னல் முழுதாக இருக்கும்.

அது என்ன சீசன் என்று பேஸ்போல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 162 ஆட்டத்தில் 74 வெற்றி, 88 தோல்வி. ஐந்து அணிகள் உள்ள பிரிவில் ஐந்தாவது இடம். கிரிக்கெட்டில் தோல்வி வேறு மாதிரி. 2023 உலகக் கிண்ணத்தில் இலங்கை இந்தியாவிடம் 55 ஓட்டத்துக்குச் சுருண்ட இரவு இந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் டீவியை நிறுத்திவிட்டுப் படுத்தார்கள், பிறகு ஒரு கிழமை அந்தப் பேச்சே இல்லை. பேஸ்போலில் அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. இன்றைக்குத் தோற்றால் நாளைக்கே ஆட்டம், நாளை மறுநாளும் ஆட்டம்.

இதை எனக்கு முதலில் புரியவைத்தவர்கள் அந்தக் கடைக்கு வரும் மீன்பிடிக்காரர்கள்தான். இரவு வலை போட்டுவிட்டு விடியலில் கரைக்கு வருகிறவர்கள், ஐஸ் பெட்டியோடு காத்திருக்கும் வியாபாரிகள், ஆட்டோக்காரர்கள். முதல் இரண்டு கிழமை என் காதில் மாட்டியிருந்த இயர்ஃபோனை என்ன என்று பார்த்தார்கள். மூன்றாவது கிழமை ஒரு வயதான ஐயா, உடம்பெல்லாம் உப்புக் காய்ந்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, இண்டைக்குப் பாடு எப்பிடி?” என்று கேட்டார். மீன்பாட்டைக் கேட்கிற அதே கேள்வி. “இல்லை ஐயா, ஒண்டுமில்லை” என்றேன். “எங்களுக்கும் அதுதான்” என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்தார். ஏன் இந்த அணியைப் பார்க்கிறாய், வேறு அணி இல்லையா என்று அந்தக் கடையில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அலுவலகத்தில் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஸ்காபரோவில் இருக்கிற அண்ணாவே ஜூலையில் களைத்துப்போய், “விடடா, அடுத்த வருஷம் பாப்பம்” என்றார்.

அந்த ஜூலைக் கடைசியில் அணி தன் ஆட்களைப் பாதிச் சீசனிலேயே கொடுத்துத் தள்ளியது: கிகுச்சி ஹூஸ்டனுக்கு, ஜஸ்டின் டர்னர் சியாட்டிலுக்கு, கீர்மையர் டொட்ஜர்ஸுக்கு. மட்டைக்காரருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேச்சர் டனி ஜான்சன் பொஸ்டனுக்குப் போனார். அவருடைய கதையைத்தான் நான் வாங்கில் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஜூன் 26 பொஸ்டனில் ஆட்டம், ரொறன்ரோவுக்காக ஜான்சன் மட்டையோடு நிற்கிறார், மழை வந்து ஆட்டம் நிற்கிறது. மிச்சம் ஆகஸ்ட் 26-இல் நடக்கிறது. அதற்குள் அவர் பொஸ்டன்காரர். அவர் மட்டையோடு தொடங்கிய அதே முறையை ரொறன்ரோவுக்காக வேறொருவர் வந்து முடிக்க, ஜான்சன் எதிர்ப்பக்கத்துக் கேச்சராகக் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறார். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் விளையாடிய முதல் ஆள் அவர்தான். நானா இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் புள்ள எந்தப் பக்கம் துஆ கேட்டிருக்கும்?” என்றார். எனக்கு இன்னும் பதில் தெரியாது.

செப்டம்பரில் ஒரு விடியல். பவுடன் பிரான்சிஸ் என்ற எங்கள் பிட்சர், அதாவது பந்து எறிபவர், ஓகஸ்ட் 24-இல் ஏஞ்சல்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் யாரையும் ஒரு ஹிட் கூட அடிக்க விடாமல் எறிந்து, கடைசியான ஒன்பதாவதின் முதல் ஆளிடம் ஹோம் ரன் வாங்கியிருந்தார். செப்டம்பர் 11 மெட்ஸுக்கு எதிராக மறுபடி அதே மாதிரி எட்டு. அது அங்கே பகல் ஆட்டம், முடிந்துவிட்டது, ஆனால் செயலியில் முடிவை மறைத்துவைக்கும் வசதி இருக்கிறது, அதனால் நான் எதுவும் தெரியாமல் மறுநாள் விடியலில் பதிவைப் போட்டேன். தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தோம். ஐந்து பேர் குனிந்து பார்த்தோம். நானா தேத்தண்ணி ஆற்றியபடியே பார்த்தார், மேலே ஒரு குவளை, கீழே ஒரு கிளாஸ், நடுவில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பாகத் தேத்தண்ணி. ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-0 என்று ரொறன்ரோ முன்னால், முதல் ஆள் லிண்டோர். பந்து மதில் தாண்டியது. நானாவின் கை மேலேயே நின்றுவிட்டது, கிளாஸ் வழிந்து மேசையில் ஓடியது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. அந்த இன்னிங்ஸில் மெட்ஸ் ஆறு ஓட்டம் எடுத்து 6-2 என்று வென்றது. அந்தத் தேத்தண்ணிக்கு நானா காசு வாங்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு மேல் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் கடை நிறைந்துவிடும், ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு வர்ணனை காதில் விழாது. பால் தேத்தண்ணி பால்மாவில் போடுவது, இனிப்பு அதிகம், எனக்குச் சரிவராது. ரொட்டி ஏழுக்குள் முடிந்துவிடும், பிந்தி வந்தால் பணிஸ்தான். கோட்டைப் பக்கத்து மான்கள் வாழைப்பழத் தோலுக்காக வாங்கு வரைக்கும் வரும். சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கொம்பு வைத்த கிடாயிடம் கவனம். உட்கார்ந்து வேலை செய்யலாம், பிளக் பொயிண்ட் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

2025-இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 94 வெற்றி, பிரிவில் முதலிடம், 1993-க்குப் பிறகு முதல் தடவை வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடர். அதன் மூன்றாவது ஆட்டம் சமநிலையால் 18 இன்னிங்ஸ் வரை போய் நமக்கு விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கியது மத்தியானம் தாண்டித்தான் முடிந்தது, அதிலும் தோல்வி. நவம்பர் 2 ஞாயிறு ஏழாவது ஆட்டம், வாங்கில் இடமில்லாமல் ஆட்கள் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். 11-ஆவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன்னில் 5-4 என்று போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. அந்த ஐயா என் தோளில் கை வைத்து, “88 தரம் தோத்த வருஷம் அழேல்ல நீ” என்றார். உண்மைதான். அந்த வருடம் அழவில்லை. அந்த வருடம் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு ரொட்டியும் ஒரு கேள்வியும் இருந்தது, அதில் 88 தோல்வியும் ஒன்றொன்றாகக் கரைந்துவிட்டன.

புதிதாகப் போகிறவர்களுக்கு: இஞ்சிப் பிளேன்டீயைப் பனங்கட்டியோடு கேளுங்கள், சில்லறை கொண்டுபோங்கள், கார்ட் எடுக்க மாட்டார்கள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் கடை ஐந்தரைக்குத்தான் திறக்கும், அந்த மாதங்களில் பேஸ்போலும் இல்லை. நோன்பு நாட்களில் விடியலில் கடை கிடையாது, இஃப்தாருக்குப் பிறகு கஞ்சி கிடைக்கும். மற்ற நாட்களில் நாலரைக்கு. இடது மூலையில் நீலத் தொப்பி போட்ட ஆள் இருந்தால் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்கள், இடம் தருவேன்.