பதின்வயதில் எடை: பட்டினியா, தட்டை மாற்றுவதா? ஓட்டமா, தசைப் பயிற்சியா?

150 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள 12 வயதுப் பிள்ளையின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 26.7. அந்தப் பிள்ளை 8 செ.மீ. வளர்ந்து, எடை அதே 60 கிலோவில் நின்றால் பி.எம்.ஐ. 24க்கு இறங்கிவிடும். ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. வளரும் வயதுக்கு மட்டுமே உள்ள சலுகை இது. பெரியவர்களின் டயட்டை அப்படியே பிள்ளைகள் தலையில் கட்டுவதில் உள்ள முதல் தப்பும் இதை மறப்பதுதான். எனவே கீழே உள்ள வழிகளை இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறோம்: வளர்ச்சிக்குக் கேடு வருமா? மூன்று மாதம் கழித்தும் தொடர முடியுமா?

வேளையைத் தவிர்ப்பதா, தட்டை மாற்றுவதா?

காலை உணவை விட்டுவிடுவது பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கும் வழி. ஒரு வேளை போனால் அவ்வளவு கலோரி மிச்சம் என்று காகிதத்தில் கணக்குச் சரியாகத்தான் வரும். ஆனால் பள்ளி விட்டு வரும்போது பசி வயிற்றைக் கிள்ளும். பொரித்ததோ இனிப்போ, கைக்கு எது அகப்படுகிறதோ அது உள்ளே போகும். மிச்சம் பிடித்ததெல்லாம் இரவுக்குள் செலவாகிவிடும்.

மாவுச்சத்தை அறவே நிறுத்தும் டயட்டில் முதல் வாரமே 2 கிலோ குறையலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது தீரும்போது தண்ணீரும் வெளியேறும், பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் எலும்பிலும் ரத்தத்திலும் தெரியும். இந்த வயதில் கால்சியம் நாளுக்குச் சுமார் 1,300 மி.கி. வேண்டும், மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு இரும்புச்சத்துத் தேவையும் கூடும். அரை வயிற்றில் இரண்டையும் ஈடுகட்டுவது கடினம்.

தட்டை மாற்றும் வழியில் பாதி இடம் காய்கறி, பழத்துக்கு. கால் பங்கு தானியத்துக்கு, முடிந்தால் தீட்டாத தானியம். மீதிக் கால் பங்கு முட்டை, பருப்பு, மீன், இறைச்சி போன்ற புரதத்துக்கு. காயை முதலில் சாப்பிடட்டும். இரண்டாம் முறை கேட்டால் மறுக்க வேண்டாம். 15 நிமிடம் பொறுத்து, அப்போதும் பசித்தால் பரிமாறுங்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரமாகும். மாலைப் பசிக்கு ஒரு பழமும் ஒரு கைப்பிடி கடலையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

இந்த வழி கெடும் இடமும் ஒன்று உண்டு. குண்டாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு, மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு என்றால் ஒளித்துச் சாப்பிடும் பழக்கம் தொடங்கும். மாற்றுவதானால் வீடு முழுக்க மாறட்டும். எங்கள் ஓட்டு தட்டுக்கே.

ஜூஸா, பழமா?

யோசிக்கவே வேண்டாம், பழம்தான். ஒரு டம்ளர் ஜூஸில் மூன்று ஆரஞ்சு இருக்கும். மூன்றையும் உரித்து மென்று தின்பவர்கள் குறைவு. குளிர்பானம் இன்னும் மோசம்: வழக்கமான 330 மி.லி. கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 140 கலோரி. அரை மணி நேர நடையில் செலவாவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரே ஒரு பழக்கத்தை மாற்றத்தான் மனமிருக்கிறது என்றால் குளிர்பானத்தை விட்டுத் தண்ணீருக்கு மாறுங்கள்.

ஓட்டமா, தசைப் பயிற்சியா?

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பும், வாரத்தில் குறைந்தது 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக இரண்டுமே வேண்டும். எதில் தொடங்குவது என்பதுதான் கேள்வி.

எடை கூடிய பிள்ளை முதல் நாளே ஓடினால் முழங்காலும் கணைக்காலும் வலிக்கும், மூச்சு வாங்கும், கூட ஓடுபவர்கள் முன்னே போய்விடுவார்கள். நான்காம் நாள் ஷூ மூலைக்குப் போய்விடும். தசைப் பயிற்சியில் நிலைமை தலைகீழ்: இரண்டு வாரத்தில் எண்ணிக்கை ஏறுவது கண்ணுக்குத் தெரியும். எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. சரியான முறையில், மேற்பார்வையோடு செய்தால் போதும்.

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு:

- நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், 10 முறை. முழங்கால் உள்பக்கம் மடங்கினால் பாதங்களைச் சற்று அகட்டுங்கள்.
- சுவரில் கை ஊன்றித் தண்டால், 10 முறை. எளிதானால் மேசைக்கும் பிறகு தரைக்கும் இறங்கலாம். இடுப்பு தொங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள்.
- முழங்கை ஊன்றிப் பிளாங்க் (குப்புற, உடலை நேராகத் தூக்கி வைத்திருப்பது), 20 விநாடி. மூச்சை அடக்கக் கூடாது.

ஒரு நிமிட ஓய்வு விட்டு இரண்டு சுற்று. 15 முறை சுளுவாக வரும்போது மூன்றாவது சுற்று. மற்ற நாட்களில் நடை, நீச்சல், சைக்கிள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேக அளவு. 60 நிமிடத்தை மூன்று இருபதாகப் பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஓர் எச்சரிக்கை. எடை கூடிய பிள்ளை இடுப்பு, தொடை அல்லது முழங்கால் வலியோடு நொண்டினால் அதைச் சுளுக்கு என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவியிருக்கலாம். நடக்க விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதிகாலை ஓட்டமா, கூடுதல் தூக்கமா?

இரவு 11.30க்குப் படுக்கும் பிள்ளையை 5 மணிக்கு எழுப்பினால் ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். தூங்க விடுங்கள், பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள்.

தினமும் எடை பார்ப்பதா, மாதம் ஒருமுறையா?

உப்பு, தண்ணீர், மாதவிடாய் இவற்றாலேயே எடை ஒரு கிலோ ஏறி இறங்கும். அதைத் தினமும் பார்ப்பது வீண் மனஉளைச்சல். மாதம் ஒருமுறை எடையோடு உயரத்தையும் குறித்து, மருத்துவரிடம் வயதுக்கேற்ற பி.எம்.ஐ. வளைகோட்டில் பாருங்கள், பெரியவர்களின் 25 என்ற வரம்பு இங்கே செல்லாது. மாதவிடாய் நிற்பது, மயக்கம், சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடுவது, எல்லோரோடும் உட்கார்ந்து உண்ண மறுப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடைக் குறைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.